புளி போட்டுத் துலக்காதீர்கள்: கார்ச் சின்னங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கார் நிறுவனங்களின் சின்னங்கள், விற்பனைப் பிரசுரங்கள், எனாமல் பலகைகள், பொம்மைக் கார்கள் என நாற்பத்தாறு ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருப்பவற்றைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தேன். மாடியறை ஒன்றில் மூன்று மர அலமாரிகளிலும் ஓர் இரும்புப் பீரோவிலும் அடங்கிவிடும் அந்தச் சேகரிப்பில் பெரும்பங்கு, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் கார்களைச் சேர்ந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். விலையை மட்டும் கேட்டு எழுதியவர்கள் பலர் என்பதால், அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்துவிட்டேன்.

ஐயா, ரோல்ஸ் ராய்ஸ், ஃபெராரி என்று உலகம் அறிந்த பெயர்கள் இருக்க, இன்று பலரும் மறந்துவிட்ட ஸ்டாண்டர்ட் காரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? (கல்லூரி மாணவர், மதுரை)

தம்பி, நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதைவிட, அது எங்கள் தெருவில் நின்றது என்று சொல்வதே சரி. பக்கத்து வீட்டு மருத்துவரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. அதன் முன்பக்கம் முழுவதும், விளக்குகளோடும் மட்கார்டுகளோடும் சேர்த்து, முதலை வாயைப் பிளப்பதுபோல முன்னோக்கித் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நிற்பதைச் சுற்றி நின்று பார்ப்பதே எங்களுக்கு அன்றைய பொழுதுபோக்கு.

பின்னால் விவரங்களைப் படித்தபோதுதான் அந்தச் சின்னத்தின் வினோதம் புரிந்தது. 1903இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் கூட்டுறவோடு, 1948இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. வேன்கார்டு, ஸ்டாண்டர்ட் டென் என்று வரிசையாக வந்த வண்டிகளுக்குப் பின் 1961இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அந்தக் கார் டிரையம்ப் ஹெரால்டு. இங்கேதான் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1963இல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே வழக்கொழிந்து போயிற்று. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு காலம் அந்தப் பெயரைச் சுமந்து சாலையில் ஓடிய புதிய கார்கள் நம் ஊரில் செய்தவை மட்டுமே. தாய்வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் புகுந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்த பெயர் அது.

சென்னைக்காரர்கள் வெறுமனே பெயரை மட்டும் காப்பாற்றவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டின் சலூன் வகை (கூரை மூடிய வழக்கமான கார்) கடைசி வரை இரண்டு கதவுகளோடுதான் இருந்தது. நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கியது வண்டலூர். அந்த நான்கு கதவு மார்க் த்ரீ வண்டியின் சின்னத்தையும், 1970களில் வந்த கெசல் காரின் சின்னத்தையும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கடிதம் எழுதிக் கேட்பதற்கு இதுவே காரணம். 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 காருக்கு ரோவர் நிறுவனத்தின் உடலும், பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சினும் வாய்த்தன. பட்டுச் சட்டைக்குள் கிழிந்த பனியன் என்று மெக்கானிக்குகள் கேலி செய்தார்கள். 1988ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றது. அதன் பிறகு உதிரிபாகங்கள் புதுப்பேட்டைக் கடைகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது, என் அலமாரியின் முதல் தட்டு ஒரே மாதத்தில் நிரம்பிவிட்டது.

ரோல்ஸ் ராய்ஸ் காரின் மூக்கில் நிற்கும் பறக்கும் பெண் யார்? கார்களுக்கு முன்னால் இப்படிச் சிலை வைக்கும் வழக்கம் எப்படி வந்தது? (வாசகி, திருநெல்வேலி)

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. பழைய கார்களில் ரேடியேட்டரின் மூடி பானெட்டுக்கு வெளியே, வண்டியின் உச்சி மூக்கில் இருந்தது. தண்ணீர் கொதித்துவிட்டதா என்று ஓட்டுநர் அறிவதற்காக, அந்த மூடியின் மேலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்தி, இருக்கையிலிருந்து பார்க்கும்படி செய்தார்கள். அமெரிக்காவில் 1912இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் இந்த வகையில் புகழ்பெற்றது. கண்ணுக்கு நேரே ஒரு மூடி இருந்தால் அதன்மேல் எதையாவது வைக்கத் தோன்றுவது மனித இயல்பு. கறுப்புப் பூனை, போலீஸ்காரர், கோமாளி என்று அவரவர் மனம்போல வைத்துக்கொண்டார்கள். வெப்பத்தைக் காட்டும் முள் டாஷ்போர்டுக்குள் வந்த பின் வெப்பமானி மறைந்தது. சிலை மட்டும் தங்கிவிட்டது.

இப்படிக் கண்டதையும் தங்கள் காரின் மேல் வைப்பதை ரோல்ஸ் ராய்ஸ் நிர்வாகி கிளாட் ஜான்சன் விரும்பவில்லை. ஆகவே சிற்பி சார்லஸ் சைக்ஸிடம், நிறுவனத்துக்கென்றே ஓர் உருவம் செய்து தரும்படி கேட்டார். ‘ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டஸி’ என்று பெயர் பெற்ற அந்த வடிவம் 1911 பிப்ரவரி 6ஆம் தேதியிட்டது. சைக்ஸ் அதற்கு முன்பே மான்டேகு பிரபுவின் சொந்தக் காருக்காக, உதட்டில் விரல் வைத்த பெண்ணுருவம் ஒன்றைச் செய்திருந்தார். இரண்டுக்கும் மாதிரியாக இருந்தவர், மான்டேகுவின் கார்ப் பத்திரிகை அலுவலகத்தில் செயலாளராகப் பணியாற்றிய எலினார் தார்ன்டன் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. மான்டேகு ஏற்கெனவே மணமானவர். எலினாரோடு அவருக்கு இருந்த காதல் ரகசியமாகவே வைக்கப்பட்டது. விரல் உதட்டுக்குப் போன காரணத்தை இதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் உலகப் போரின் நடுவே, இந்திய அரசுக்கு மோட்டார்ப் போக்குவரத்து ஆலோசகராக இருந்த மான்டேகு, எலினாரோடு பம்பாய்க்குக் கப்பலேறினார். 1915 டிசம்பர் 30 அன்று, கிரீட் தீவுக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று ‘பெர்ஷியா’ என்ற அந்தக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. மான்டேகு உயிர் பிழைத்தார், எலினார் மீளவில்லை. மான்டேகுவின் மகன் 1952இல் தம் தந்தையின் நினைவாக, பியூலியில் இருந்த குடும்ப மாளிகையின் முன்கூடத்தில் சில பழைய கார்களை நிறுத்தி வைத்ததுதான் இன்று பிரிட்டனின் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக வளர்ந்திருக்கிறது. என்னிடம் அந்தப் பறக்கும் பெண்ணின் அசல் எதுவும் இல்லை. இருக்கிற ஒன்று போலி என்று தெரிந்தே வாங்கியது. ஏன் வாங்கினேன் என்பது பின்வரும் ஒரு பதிலில் வருகிறது.

என் மாமனார் விட்டுச்சென்ற பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கார் எம்ப்ளங்கள் கறுத்துப் போய்க் கிடக்கின்றன. எப்படிப் பளபளப்பாக்குவது? (இல்லத்தரசி, கும்பகோணம்)

தயவுசெய்து எதுவும் செய்யாதீர்கள், அம்மா. முதலில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். நான் சேர்க்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, பொங்கலுக்குப் பாத்திரங்களைத் துலக்கிய என் தாயார், அலமாரியில் இருந்த மூன்று சின்னங்களையும் பாவம் என்று எடுத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மகனுக்கு நல்லது செய்த திருப்தியோடு திரும்ப வைத்தார். மூன்றும் நிக்கல் முலாம் பூசிய பித்தளை. முலாம் என்பது தலைமுடியைவிட மெல்லிய தோல். அது போய், உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகப் பல்லிளித்தது. குத்துவிளக்குக்கு அழகு சேர்க்கும் அதே புளி, சின்னத்தின் வயதை ஒரே காலையில் அழித்துவிட்டது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் பெட்டியில் இருப்பது எந்த உலோகம் என்று முதலில் பாருங்கள். பித்தளையாக இருந்தால் கையில் கனக்கும்; பின்பக்கத்தில் முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரியும். 1950களுக்குப் பிறகு வந்த பல சின்னங்கள் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசியவை. அவற்றில் அம்மைத் தழும்பு போலக் கொப்புளங்கள் கிளம்பியிருக்கும். துத்தநாகம் அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால், புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் அமிலக் கரைசல்கள் ஆகியவற்றின் நிழல்கூட அவற்றின்மேல் படக்கூடாது. உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்தால் போதும். வண்ண எனாமல் பதித்த சின்னமானால் வெந்நீரிலும் போடாதீர்கள். திடீர்ச் சூட்டில் எனாமல் விரிசல் விடும்.

பொம்மைக் கார்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. லிவர்பூலில் தயாரான டிங்கி கார்களில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை பலவற்றுக்கு ஒரு தீராத நோய் உண்டு. வார்ப்பதற்கு எடுத்த துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், உலோகத்தின் படிகங்களுக்கு இடையே மெல்ல அரிப்பு ஏற்பட்டு, வண்டி உப்பி, வளைந்து, ஒருநாள் மழையில் ஊறிய மண்சுவர் போல உதிர்ந்துவிடும். இதற்கு மருந்தில்லை; ஈரமும் வெப்பமும் இல்லாத இடத்தில் வைத்து நாளைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

போலிகளை எப்படி அடையாளம் காண்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

வார்ப்புப் போலிக்கு இயற்கையே ஒரு முத்திரை வைத்திருக்கிறது. அசலை அச்செடுத்து அதில் உலோகத்தை ஊற்றினால், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. ஆகவே அசலிலிருந்து எடுத்த நகல் அசலைவிடச் சற்றே சிறியதாக இருக்கும். போலியிலிருந்து எடுத்த போலி இன்னும் சிறியது. அளவுமானியைக் கையில் வைத்துக்கொண்டு, அசல் என்று உறுதியான ஒன்றோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருப்பது இரண்டாவது அடையாளம். என்னிடம் உள்ள பறக்கும் பெண்ணின் பீடத்தில் சைக்ஸின் கையெழுத்தும் 1911 என்ற ஆண்டும் இருக்கத்தான் இருக்கின்றன. அச்செடுக்கும்போது கையெழுத்தும் சேர்ந்துதானே வரும்! சோப்புக் கட்டியில் செதுக்கியதுபோல இருக்கும் அந்த எழுத்துகளை வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டிப் பாடம் நடத்துவதற்காகவே அதை வாங்கினேன்.

பிரெஞ்சுக் கலைஞர் ரெனே லாலிக் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் செய்த கண்ணாடிச் சிலைகள் வேறு ரகம். சித்ரோயன் நிறுவனத்துக்காக 1925இல் செய்த ஐந்து குதிரைகள் சிலை அவற்றுள் முதன்மையானது. ‘ஆர். லாலிக்’ என்று முதலெழுத்தோடு இருந்த பெயர்ப்பொறிப்பு, அவர் 1945இல் மறைந்த பிறகு ‘லாலிக்’ என்று மட்டும் ஆயிற்று. அந்த ஓர் எழுத்தைப் பின்னால் செதுக்கிச் சேர்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் ஏமாறுவது எனாமல் பலகைகளில்தான். அசல் பலகை என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைத் தூவிச் சுமார் 800 டிகிரி வெப்பத்தில் உருக்கி ஒட்டியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகச் சூளையில் வைத்ததால், விரல் நுனியால் தடவினால் வண்ணத்துக்கு வண்ணம் ஒரு மெல்லிய படி தட்டுப்படும். பின்பக்கத்திலும் எனாமல் பூச்சு இருக்கும். இப்போது வருபவை பெரும்பாலும் அச்சடித்த பெயின்ட். ஆணித் துளைகளைச் சுற்றி உப்புநீர் தெளித்துத் துருவையும் தயாரித்துவிடுகிறார்கள். அசலில் சில்லு பெயர்ந்த ஓரம் கண்ணாடி உடைந்ததுபோலக் கூராக இருக்கும். பெயின்ட் செதில் செதிலாக உரியும். எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய எண்ணெய் நிறுவனங்கள் 1970களில் நாட்டுடைமையானபோது, பங்க்குகளில் பெயர் மாறி, பழைய பலகைகள் காயலான் கடைகளுக்குப் போயின. மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகவும் கோழிக் கூண்டுக்குக் கதவாகவும் ஆனவை ஏராளம். என்னிடம் உள்ள பர்மா ஷெல் பலகை ஒன்றில் இன்றும் சாணக் கறை இருக்கிறது. அதை நான் கழுவவில்லை.

பி.எம்.டபிள்யூ. சின்னம் சுழலும் விமான விசிறி என்கிறார்களே? (வாசகர், சேலம்)

விமான எஞ்சின் செய்த நிறுவனம் என்பதால் எழுந்த கதை அது. 1917இல் பதிவான அந்தச் சின்னத்தில் இருப்பவை பவேரியா மாநிலத்தின் நீலமும் வெள்ளையும். 1929இல் வந்த ஒரு விளம்பரத்தில் விமான விசிறியின் மேல் சின்னத்தைப் பொருத்திக் காட்டினார்கள். படம் நன்றாக இருந்தது, கதை நிலைத்துவிட்டது.

உங்கள் சேகரிப்பின் மதிப்பு எவ்வளவு? இதில் முதலீடு செய்யலாமா? (பதினோரு கடிதங்கள்)

செய்யாதீர்கள். ஒரு பொருளுக்கு ஓர் ஊரில் இரண்டே பேர் ஆசைப்பட்டால், அந்த இருவரில் ஒருவர் இறந்த மறுநாள் அதன் விலை பாதியாகிவிடும். நான் வாங்கிய விலை ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கூட்டிப் பார்த்ததில்லை.

பழைய கார் விளம்பரப் பிரசுரங்கள் சிலவற்றை லேமினேட் செய்து வைக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி)

கூடாது, ஐயா. லேமினேஷன் செய்த காகிதத்தைத் திரும்ப மீட்க முடியாது. உள்ளே இருக்கும் பசை காகிதத்தோடு ஒன்றிவிடும். சாதாரண பிளாஸ்டிக் உறைகளும் ஆபத்தானவை, பி.வி.சி. உறையில் நம் கடற்கரைப் புழுக்கத்தில் பத்து ஆண்டுகள் இருந்த ஒரு கெசல் பிரசுரத்தை நான் வெளியே எடுத்தபோது, காரின் படம் உறையிலும் வெள்ளைத் தாள் என் கையிலும் வந்தன. பாலியெஸ்டர் உறை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அமிலமற்ற காகித உறையே போதும். துருப்பிடித்த பின்களை மெதுவாக நிமிர்த்தி நீக்கிவிடுங்கள். செல்லோ டேப்பை மட்டும் காகிதத்தின் அருகில் கொண்டுவராதீர்கள்.

இராமபாணப் பூச்சிக்கு நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளிடையே வைத்த வசம்பைச் சிறு துணிமுடிச்சாக அலமாரியின் மூலையில் வைக்கிறேன்; காகிதத்தின்மேல் நேரடியாகப் படவிடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். என் பிரசுரங்களில் பாதி, 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை. அங்கே எட்டணாவுக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த வேன்கார்டு பிரசுரம் ஒன்று இன்னும் என் கனவில் வருகிறது.

தாத்தாவின் ஹெரால்டு கார் தகரக் கொட்டகையில் இருபது ஆண்டுகளாகக் கிடக்கிறது. எம்ப்ளங்களைக் கழற்றி உங்களுக்கு அனுப்பட்டுமா? வண்டியை எடைக்குப் போட வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். (இளைஞர், தாராபுரம்)

அனுப்பாதே தம்பி. இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹெரால்டின் உடல் தனியாகவும், அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் தனியாகவும் செய்யப்பட்டது. கீழே துருப்பிடித்திருந்தாலும் மேலே உள்ளதைப் பிரித்தெடுத்து மீட்க வழியுள்ள வண்டி அது. இந்தக் காரை மீட்டெடுக்கும் ஆர்வலர்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். எடைக்குப் போடுமுன் அவர்களில் ஒருவரையாவது அழைத்துவந்து காட்டு. சின்னம் இல்லாத வண்டியைப் பார்த்ததும் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். உயிரோடு மீளக்கூடிய வண்டியின் நெற்றியிலிருந்து பெயர்த்த சின்னத்தை நான் வாங்குவதில்லை. இருபத்தைந்து வயதில் ஒருமுறை வாங்கினேன், அதன் வண்டியைத் தேடி இன்றுவரை அலைகிறேன்.

எவரும் எடுக்காமல் எடைக்குப் போட்டே தீரவேண்டும் என்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி வண்டி பயனற்றுப் போனதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்குமுன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள். எஞ்சின் எண், சேஸிஸ் எண், தாத்தாவின் பெயர், வாங்கிய தேதி ஆகியவற்றோடு சேர்ந்த சின்னம்தான் சேகரிப்பு; அவை இல்லாத சின்னம் வெறும் இரும்பு.

என் கணவரும் உங்களைப் போலத்தான். கூடத்தில் எனாமல் பலகை, சமையலறையில் ரேடியேட்டர் மூடி. அவர் காலத்துக்குப் பிறகு இவற்றை நான் என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

அம்மா, என் மனைவி உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பதிலைத் தானே எழுதுவதாகச் சொன்னார். சமாளித்து நானே எழுதுகிறேன். ஹரியானாவின் தாவ்டுவில் 2013இல் திறந்த ஹெரிட்டேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம் ஒரு தனிமனிதர் சேகரித்த பொருள்களிலிருந்து உருவானதுதான்; வண்டிகளோடு பலகைகளும் பொம்மைகளும்கூட அங்கே இடம்பெற்றுள்ளன. நம் கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகத்தையும் கணவரோடு சென்று பாருங்கள்; வண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் குறிப்புகளை அவர் நின்று படிக்கட்டும். எந்த அருங்காட்சியகமும் முதலில் கேட்பது, இது எங்கிருந்து வந்தது என்பதைத்தான். அது இப்போது அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ஒரு நீள நோட்டை வாங்கி, ஒவ்வொரு பொருளுக்கும் நூல்கட்டிய ஒரு எண் அட்டை போட்டு, வாங்கிய இடம், ஆண்டு, யாரிடம் என்பதை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எண் வாங்காத எந்தப் பொருளும் சமையலறையில் இருக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டுவிடலாம். என் வீட்டில் அந்தச் சட்டம் பலித்தது.

என் அப்பா வண்டலூர் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய பித்தளை டோக்கன் எங்களிடம் இருக்கிறது. ஒரு எண் மட்டுமே உள்ள அது உங்கள் சேகரிப்பில் சேருமா? (வாசகி, தாம்பரம்)

என் அலமாரியில் உள்ள எல்லாச் சின்னங்களும் காரில் பொருத்துவதற்காகச் செய்தவை. அந்தக் காரைச் செய்தவரின் சட்டைப்பையில் இருந்தது எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் டோக்கனை எனக்கு அனுப்ப வேண்டாம், அம்மா. தபாலில் போடவும் வேண்டாம். இரண்டு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அப்பா எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தார், எந்த வண்டியில் கைவைத்தார் என்பதை உங்களுக்குத் தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தை அதற்காக விட்டுவைத்திருக்கிறேன். அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் யாராவது தாம்பரம் பக்கத்தில் இருந்தால், நான் நேரில் வந்து பார்க்க முடியுமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.